சளிக்கு எதற்கு அந்த மாத்திரை?

போன மாதம் இதே பலகையில் ‘கிருமிகளை ஒழிப்போம்’ என்று ஒரு கட்டுரை ஒட்டியிருந்தார்கள். நல்லாத்தான் எழுதியிருந்தாங்க. ஆனால் எல்லாக் கிருமியையும் ஒழித்தால் நமக்குத்தான் கஷ்டம் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

என் தம்பி மூன்றாம் வகுப்பு. ஐப்பசி மாதம் அவனுக்குச் சளியும் லேசான காய்ச்சலும் வந்தது. அப்பா வேலை முடிந்து வரும் வழியில் மருந்துக் கடையில் சொல்லி, சீட்டு இல்லாமலே ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி வந்தார். மூன்று நாளாகியும் சளி அப்படியேதான் இருந்தது. புதுசாக வயிற்றுப்போக்கு வேறு. ராத்திரி ஏழெட்டுத் தடவை கொல்லைக்குப் போனான். கண் உள்ளே போய்விட்டது. அம்மா உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போனோம். டாக்டரம்மா மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு, “சளி வைரஸால வர்றது. இது பாக்டீரியாவைக் கொல்ற மருந்து. சளியை ஒண்ணும் பண்ணாது. வயித்துல இருக்கிற நல்ல பாக்டீரியாவைத்தான் கொன்னிருக்கு” என்றார்.

நல்ல பாக்டீரியாவா? அன்றிலிருந்து அறிவியல் ஆசிரியரைக் கேள்வி கேட்டே தொல்லை பண்ணினேன். நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-ல் விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்களாம். நம் சொந்த செல்களே சுமார் 30 லட்சம் கோடிதான்! அந்த பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன.

நோய் எதிர்ப்பு செல்கள் குடல் சுவரை ஒட்டியும் நிறைய இருக்கின்றன. வெளியிலிருந்து சோறும் தண்ணீரும் தினமும் அந்த வழியாகத்தானே போகிறது, காவலும் அங்கேதானே வேண்டும். யாரை அடிக்க வேண்டும், யாரை விட வேண்டும் என்று அந்தக் காவல் செல்கள் பழகுவதே இந்த பாக்டீரியாக்களோடு இருந்துதான். கிருமியே இல்லாத கூண்டில் எலிகளை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அவற்றின் குடலில் நோய் எதிர்ப்புத் திசு சரியாக வளரவில்லை. சாதாரண எலியின் பாக்டீரியாவைக் கொடுத்த பிறகுதான் வளர ஆரம்பித்ததாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது தாய்ப்பால் விஷயம். அதில் குழந்தையால் செரிக்க முடியாத ஒரு வகைச் சர்க்கரை இருக்கிறது. அது யாருக்கு? குழந்தையின் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கு! பெரியவர்களுக்குக் கீரை, கேழ்வரகு, பயறு இவற்றின் நார்ச்சத்து. அதைத் தின்றுவிட்டு பாக்டீரியா பியூட்டிரேட் என்ற பொருளைத் தருகிறது. அது குடல் சுவருக்கு உணவு. எதிர்ப்பு செல்கள் தேவையில்லாமல் சண்டை போடாமலும் பார்த்துக்கொள்கிறது.

எங்கள் ஆயா, “அதான் பழைய சோறு தின்னுங்கன்னு சொல்றேன்” என்கிறார். தயிரில் இருப்பது போலப் பழைய சோற்றிலும் பாக்டீரியா உண்டு, உண்மைதான். ஆனால் அதைத் தின்றால் எந்த நோயும் வராது என்பதை நான் நம்பவில்லை. (ஆயா இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியம்!) அதேபோல டைபாய்டு மாதிரி வந்தால் ஆன்டிபயாடிக் கட்டாயம் வேண்டும். டாக்டர் சொன்ன நாள் வரை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். கை கழுவுவதையும் விட்டுவிடாதீர்கள்.

அப்பாவை நான் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தால் ஒரு நாள் கூலி போச்சு. ஆனால் அந்தக் கடைக்காரருக்குத் தெரியாதா? டாக்டர் சீட்டு இல்லாமல் இதை விற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறதே. ஒரு வார்த்தை, “சளிக்கு இது வேண்டாம்ணே” என்று சொல்லியிருக்கலாம். நம் வீட்டிலும் கடைக்கு ஓடுவது பெரும்பாலும் நாம்தானே. நாம் கேட்கலாமே.

தம்பி தின்ற மாத்திரையின் காலி அட்டையை இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். பின்பக்கத்தில் மேலிருந்து கீழே ஒரு சிவப்புக் கோடு போகிறது பாருங்கள். அந்தக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று அர்த்தம். யாரும் பிய்த்துவிடாதீர்கள், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் பார்க்கவில்லை.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி