வலிமையால் வராத இறுக்கம்

டிரயல்ஸ் மிதிவண்டியைத் தம் கையாலேயே பூட்ட முனையும் இளைஞர் பலர் ஒரே நம்பிக்கையோடு தொடங்குகின்றனர்: எவ்வளவு முறுக்குகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு. 1970களில் கத்தலோனியாவின் மோட்டார் சைக்கிள் டிரயல்ஸிலிருந்து கிளைத்த விளையாட்டு இது; கால் தரையில் படாமல், பின்சக்கரத்தை மட்டும் ஊன்றிப் பாறைக்குப் பாறை தாவ வேண்டும். அச்சம் இயல்பே. ஆனால் அந்த நம்பிக்கையில் பாதி பிழை.

நம் தெருக்களில் ஓடும் மிதிவண்டியில் ஃப்ரீவீல் பின்சக்கரத்தில் இருக்கும். டிரயல்ஸ் வண்டிகள் பலவற்றில் அது பல்சக்கரத்தோடு சேர்ந்து, வலக் கிராங்கின் உட்புறத்தில் மரையேற்றப்படுகிறது. மிதிக்குந்தோறும் அது தானே இறுகும். பூட்டும்போது கைவிசையே போதும். தவறாமல் வேண்டியது கிரீஸ். கிராங்க் அலுமினியம், ஃப்ரீவீல் எஃகு. கிரீஸின்றி ஏற்றினால் இரண்டும் பற்றிக்கொள்ளும். கழற்றும் நாளில் சிதைவது அலுமினிய மரை. பாறையடியைத் தாங்கும் பாஷ் ரிங் என்னும் காப்பு வளையம் கிராங்குக்கும் ஃப்ரீவீலுக்கும் நடுவே அமரும் வடிவங்களில் வரிசையும் முக்கியம். வளையத்தை மறந்து ஒரு மாலை ஓட்டிப் பார்த்தவர், மறுநாள் அதைச் சேர்ப்பதற்கு வைஸோடும் நீண்ட குழாயோடும் போராடுவார். ‘மரை கழன்றவன்’ என்று ஏசத் தெரிந்த தமிழ், மரையை இறுக்கிக் கெடுப்பவனுக்கும் ஒரு வசை வைத்திருக்கலாம்.

இடப் பெடலுக்கு இடமரை. ஏனென்று கேட்டால், பேரிங்கின் உராய்வு பெடலை இறுக்குவதற்காக என்று பொறியியல் மாணவரே விடை சொல்வதுண்டு. உண்மையில் உராய்வு பெடலைக் கழற்றும் திசையிலேயே இழுக்கிறது. சுமையின் திசை சுற்றிவருவதால் பெடலின் அச்சு மரைத்துளைக்குள் நுண்ணளவில் எதிர்த்திசையில் உருள்கிறது. உராய்வை வென்று இறுக்குவது அவ்வுருளலே. இதை உணராமல் வலமரையாக எண்ணித் திணிப்பவர் கிராங்கையே இழக்கிறார்.

விசை மெய்யாகத் தேவைப்படும் இடம் வேறு: கிராங்கை நடு அச்சோடு பிணைக்கும் போல்ட். சதுர முனை கொண்ட அச்சுகளுக்குப் பொதுவாக 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கச் சொல்கின்றனர். அங்கே டார்க் ரெஞ்ச் ஆடம்பரமன்று. டிரயல்ஸில் ஓட்டுநர் அமர்வதில்லை. தாவி இறங்கும்போது முழு எடையும் இரு கிராங்குகளின் மேல் விழுகிறது. போல்ட் தளர்ந்திருக்க ஓட்டிக்கொண்டே இருந்தால் சதுரத் துளையின் மூலைகள் மழுங்கும். அதன்பின் எவ்வளவு முறுக்கினாலும் அந்தக் கிராங்க் நிலைக்காது. ஃப்ரீவீலோடு மல்லுக்கட்டியவர்கள் இந்தப் போல்ட்டைக் குறடால் ஒரு சுற்றுச் சுற்றி விட்டுவிடுவதுதான் வேதனை.

காப்பு வளையமா, சட்டகத்தின் அடியில் பொருத்தும் தகடா என்ற வழக்கும் நெடுநாளாக உண்டு. வளையத்தில் விழும் அடி கிராங்க் வழியே நடு அச்சின் பேரிங்குகளுக்குச் செல்லும். தகட்டில் விழுவது சட்டகத்துக்கு. பேரிங்கை மாற்றலாம், விரிசல் கண்ட சட்டகத்தை மாணவரின் உதவித்தொகை மீட்டுத் தராது. கற்பவருக்கு வளையமே ஏற்றது. அது வளைந்து சங்கிலியை உரசத் தொடங்கும்போது மாற்றிவிடலாம். அதுவரை அதன் கீறல்களுக்காக எவரும் கலங்க வேண்டியதில்லை.