தெர்மோஸ்டாட்டைக் கழற்றியும் கொதிக்கும் அம்பாசிடர்

கேள்வி: சோளிங்கர் அருகே கிராமத்தில் இருக்கும் வாசகர் ஒருவரிடம் அப்பா காலத்து அம்பாசிடர் கார் இருக்கிறது. காய்கறி மூட்டை ஏற்றிக்கொண்டு வாலாஜா போவதற்குள் ரேடியேட்டர் கொதித்துவிடுகிறதாம். மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார், ஹீட்டர் குழாய்களையும் அடைத்துவிட்டார். அப்படியும் சூடு குறையவில்லை. என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார்.

பதில்: கிணற்றுமேட்டு ஆயில் இன்ஜினில் டெலிவரி பைப்பிலிருந்து ஒரு சின்னக் குழாய் வழியாகத் தண்ணீர் இன்ஜினுக்குள் போய், சூடாகி, மறுபக்கம் வாய்க்காலில் விழும். காரில் அந்தத் தண்ணீரே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. அதனால் உள்ளே போகும் உப்பும் வெளியே போவதில்லை. பழைய அம்பாசிடரின் 1,489 சிசி இன்ஜினில், ஃபேன் பெல்ட் சுழற்றும் பம்ப் முன்பக்கம் தண்ணீரைத் தள்ளும். அது சிலிண்டர்களைச் சுற்றிப் பின்னால் போய், மேலே ஹெட்டுக்கு ஏறி, முன்பக்கம் திரும்பி, தெர்மோஸ்டாட்டைத் தாண்டி ரேடியேட்டரின் மேல்தொட்டிக்கு வரும். நுண்குழாய்களில் இறங்கி ஆறி, கீழ் ஓஸ் வழியே மீண்டும் பம்ப்புக்குப் போகும். ஹீட்டர் என்பது இந்தச் சுற்றில் ஒரு கிளைதான். ஹெட்டின் பின்பக்கத்திலிருந்து கொஞ்சம் வெந்நீரை வாங்கி, பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்தில் விடும். கசியாமல் அடைத்திருந்தால் அதனால் கெடுதல் இல்லை. ஹீட்டர் இருக்கும் வண்டி மேட்டில் சூடேறினால், அதைத் திறந்துவிட்டால் குட்டி ரேடியேட்டர்போல உதவும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றியும் சூடு குறையவில்லை என்றால் கோளாறு அதில் இல்லை. அது இல்லாத இன்ஜின் காலையில் சூடேறவே நேரமாகும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டரும் சீக்கிரம் தேயும். பழையதை நூலில் கட்டிக் கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பார்க்கட்டும். வாய் திறந்தால் நல்லது, திரும்ப மாட்டிவிடலாம்.

சந்தேகம் தண்ணீர் மேல்தான். ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை தோல் பதனிடும் ஊர்களைச் சுற்றிப் பல கிணறுகளின் உப்பு பற்றி இப்பகுதியினருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெந்நீர்த் தவலையில் படிகிற வெள்ளைக் காரைதான் ரேடியேட்டர் குழாயிலும் படிகிறது. வண்டியை நிறுத்தி, ஓரளவு ஆறியபின் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தால், சில இடம் சூடாகவும் சில இடம் சில்லென்றும் இருக்கும். சில்லென்ற இடம் அடைத்த இடம். இன்ஜின் பக்கவாட்டில் உள்ள வடிகால் குழாயையும் திறக்க வேண்டும். தண்ணீர் வராவிட்டால், கடைசி சிலிண்டரைச் சுற்றிச் சேறு கட்டியிருக்கிறது; கம்பியால் குத்திவிட வேண்டும். ரேடியேட்டரைக் கழற்றி, கீழிருந்து மேலாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவலாம். பிறகு சுத்திகரித்த தண்ணீரும் கூலன்ட்டும் சரிபாதியாக ஊற்றட்டும். கழுவியபின்னும் ரேடியேட்டரில் குமிழி வந்தால், அல்லது ஆயில் பால்போல வெளுத்திருந்தால், ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. அதற்குமேல் ஓட்டக் கூடாது.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும், ஹீட்டரைத் தவிர.

கொதிக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. 7 பவுண்டு மூடிக்குள் தண்ணீர் 110 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். திறந்ததும் முகத்தில் பீறிடும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். வடித்த பழைய கூலன்ட்டை மாட்டுத்தொட்டி பக்கமோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது. அதிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், கன்றும் நாயும் நக்கிவிடும். சிறுநீரகம் கெட்டுச் சாகும். குழந்தை எட்டாத இடத்தில் மூடிய கேனில் வைத்து, ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட வேண்டும்.