விடுதலைப் பத்திரம்: யாருக்கு விடுதலை?

மதுரையிலும் மேலூர், திருமங்கலம் கிராமங்களிலும் தகப்பன் கண்மூடியதும், பல குடும்பங்களில் பெண்மக்களை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு அழைத்துப்போய் ‘விடுதலைப் பத்திரம்’ என்பதில் கையெழுத்து வாங்குகிறார்கள். கேட்டால், “சீர் செய்தாய்விட்டதே” என்கிறார்கள். சீர் தயவு; பங்கு பாத்தியதை. தயவைக் காட்டிப் பாத்தியதையைப் பறிப்பது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

பெண்ணுக்குச் சமசொத்துரிமை வேண்டுமென்று 1929-ல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. தமிழ்நாட்டுச் சட்டம் 1989-லும், இந்தியா முழுமைக்குமான திருத்தம் 2005-லும் வந்தன. பிரியாத பிதிரார்ஜிதச் சொத்தில் மகனுக்குள்ள பங்கும் கடன்பொறுப்பும் மகளுக்கும் உண்டு. தகப்பன் 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் உண்டென்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது.

ஆனால், “பிறந்தவீட்டு உறவு அறுந்துபோகுமே” என்ற பயம் மட்டும் போகவில்லை. கையெழுத்துப் போடாவிட்டால் அறுந்துபோவது உறவா, வியாபாரமா?

சகோதரிகளே! வாசித்தறியாமல் கையெழுத்திடாதீர்கள். சகோதரர்களே! பங்கைக் கொடுத்துவிட்டு அப்புறம் சுயமரியாதை பேசுங்கள்.