கடைசித் தேதிக்குப் பின் வந்த கடிதம்

 

சென்ற மாதம் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்றை நான் மூன்று முறை படித்தேன். எழுதியவர் வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலையொன்றில் மேற்பார்வையாளராக இருக்கும் ஒரு தகப்பனார். மூத்த மகள் எம்.எஸ்ஸி. இயற்பியல் இறுதியாண்டு பயில்கிறாள். வானியலில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது அவளுடைய ஆசை. சென்ற ஆண்டு ஆராய்ச்சி நிறுவனமொன்றின் கோடை விடுமுறைப் பயிற்சிக்கான அறிவிப்பை அவள் கண்டுபிடித்து, வாப்பாவிடம் காட்டியிருக்கிறாள். அதில் "பரிந்துரைக் கடிதம் இரண்டு தேவை" என்று இருந்திருக்கிறது. பாசமுள்ள தகப்பனார் உடனே புறப்பட்டு, செல்வாக்குள்ள பெரியவர் ஒருவரின் வீட்டு வாசலில் மூன்று நாட்கள் நின்று, ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கி வந்தார். கடிதம் கைக்கு வந்தபோது கடைசித் தேதி கடந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன.

"இத்துறையில் நம்மவருக்கு இடமுண்டா? யாரைப் பிடித்தால் காரியம் நடக்கும்? இதற்கிடையில் பெண் கேட்டும் வருகிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?" என்று கேட்கிறார்.

சகோதரரே, தாங்கள் வாங்கி வந்த கடிதம் உரிய நாளில் போய்ச் சேர்ந்திருந்தாலும் பயன்பட்டிருக்காது. இதை வருத்தப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. நம் வீடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அப்படித்தான் பொருள் கொள்வார்கள். பரிந்துரை என்ற சொல் நமக்குப் பழக்கமான இடம் வேறு. ஆராய்ச்சி உலகில் அதன் பொருள் முற்றிலும் வேறு. மாணவிக்குப் பாடம் நடத்திய பேராசிரியர், அவள் எப்படிச் சிந்திக்கிறாள், ஆய்வுக்கூடத்தில் எப்படி நடந்துகொள்கிறாள், தவறு நேர்ந்தால் தானே கண்டுபிடிக்கிறாளா என்பதையெல்லாம் நிறுவனத்திற்கு நேரடியாக எழுதும் கடிதம் அது. பெரும்பாலும் மாணவி அதைக் கண்ணால் கூடப் பார்ப்பதில்லை. பெயர் பெற்றவர் எழுதும் இரண்டு வரியைவிட, கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் மனமறிந்து எழுதும் ஒரு பக்கத்திற்கே அங்கே மதிப்பு. ஆசிரியருக்கும் எழுத அவகாசம் வேண்டும். ஒரு மாதத்திற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

ஆகவே, யாரையும் பிடிக்க வேண்டியதில்லை. தேதியை மட்டும் பிடிக்க வேண்டும்.

வானியல் என்றதும் அது சோதிடமோ என்று ஐயுறும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இரண்டிற்கும் உறவில்லை. நட்சத்திரம் பார்த்துப் பலன் சொல்வதை மார்க்கம் தடுத்தது. ஆனால் தொழுகை நேரத்தையும் கிப்லாவின் திசையையும் கணிப்பதற்காகவே வானியல் கற்றவர்களைப் பள்ளிவாசல்களில் சம்பளத்திற்கு அமர்த்திய சமுதாயம் நம்முடையது. அப்பதவிக்கு முவக்கித் என்று பெயர். திமிஷ்கு நகரின் உமையாப் பள்ளிவாசலில் தலைமை முவக்கித்தாக இருந்து 1375ஆம் ஆண்டு வபாத்தான இப்னு ஷாத்திர் வகுத்த கோள்களின் கணக்கை, இன்றைய வானியல் வரலாற்று ஆசிரியர்கள் வியந்து படிக்கிறார்கள். சமர்கந்தில் உலுக் பெய்க் கட்டிய வானாய்வுக் கூடத்தில் பணியாற்றிய அல்காஷி, அங்கே தாம் என்ன செய்கிறோம், உடனிருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை ஊரிலிருந்த தம் தகப்பனாருக்குக் கடிதமாக எழுதினார். அக்கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரும் வேலைக்குப் போன பிள்ளை வீட்டுக்கு எழுதியது கிட்டத்தட்ட இதே செய்திதான்!

வாணியம்பாடிக்காரருக்கு நான் சமர்கந்தைக் காட்ட வேண்டியதில்லை. ஆலங்காயம் வழியாக மலையேறினால் காவலூர். ஜவ்வாது மலையின் அந்தச் சிற்றூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வானாய்வுக் கூடம் இருக்கிறது. 1968இல் சிறியதொரு தொலைநோக்கியுடன் தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977 மார்ச் 10ஆம் தேதி பதிவு செய்த குழுக்களுள் காவலூரும் ஒன்று. 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதற்கு வைனு பாப்புவின் பெயரைச் சூட்டினார்கள். நம் வியாபாரிகளின் லாரிகள் அம்மலையடிவாரத்துச் சாலைகளில் போய் வராத நாளில்லை. உச்சியில் நடப்பது என்னவென்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

அந்த வைனு பாப்பு பிறந்தது 1927இல், சென்னையில். வளர்ந்ததோ ஹைதராபாதில். அவருடைய தந்தை அங்கே நிஜாமியா வானாய்வுக் கூடத்தில் உதவியாளராகப் பணியாற்றினார். நவாப் ஜஃபர் ஜங் என்னும் பிரபு தம் சொந்தப் பணத்தில் தொடங்கி, பின்னர் நிஜாம் அரசின் கைக்கு மாறி, அதன்பின் உஸ்மானியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கூடம் அது. 1944 முதல் அதன் இயக்குநராக இருந்த டாக்டர் அக்பர் அலி, பெரிய தொலைநோக்கி ஒன்றை நிறுவத் திட்டமிட்டார். அவர் மறைந்த சில ஆண்டுகளுக்குப் பின் ஜப்பால்-ரங்காபூரில் அது நிறுவப்பட்டது. இந்திய வானியல் கழகம் 1972இல் தோன்றியதும் அதே உஸ்மானியா பல்கலைக்கழக வானியல் துறையைச் சார்ந்துதான். இந்நாட்டு வானியலாரின் ஆண்டுக் கூட்டத்தை நடத்துவது அக்கழகமே. "நம்மவருக்கு இடமுண்டா" என்ற கேள்விக்கு இந்த வரலாறே போதும் என்று நினைக்கிறேன்.

இனி அறிவிப்புகளுக்கு வருவோம். இவை தினசரிகளில் பெரிய எழுத்தில் வருவன அல்ல. நிறுவனங்களின் இணையதளங்களிலும் துறைத் தலைவருக்கு வரும் சுற்றறிக்கைகளிலும் வரும். துறைத் தலைவர் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் மாணவர் பாக்கியசாலி. ஒட்டாவிட்டால் அது மேசை அறையிலேயே மடிந்துவிடும்.

முனைவர் பட்ட ஆராய்ச்சிக்குச் செல்வோர் எழுத வேண்டிய பொதுத் தேர்வுகளில் முக்கியமானது ஜெஸ்ட். பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனம், சென்னைத் தரமணியின் கணித அறிவியல் நிறுவனம் முதலிய பல ஆராய்ச்சி நிறுவனங்கள் அத்தேர்வின் மதிப்பெண்ணைப் பார்த்து நேர்முகத்திற்கு அழைக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். தவறினால் ஓராண்டு போயிற்று. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு ஆண்டுக்கு இருமுறை உண்டு. அதில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெறுவோருக்கு உதவித்தொகையும் சேர்ந்தே கிடைக்கிறது. பெண்களுக்கு வயது வரம்பில் தளர்வும் இருக்கிறது.

இத்தொகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் "இன்னும் ஐந்து வருடம் படிப்பென்றால் செலவுக்கு எங்கே போவது" என்பதுதான் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி. ஆராய்ச்சி மாணவர் செலவு வைப்பவர் அல்லர். மாத வருமானம் உடையவர். 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி முதல் இரண்டாண்டுகள் மாதம் ரூ. 37,000, அதன்பின் ரூ. 42,000. சிறுபான்மை ஆராய்ச்சி மாணவர்களுக்கென 2009இல் தொடங்கப்பட்ட மவ்லானா ஆஸாத் உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதை இழந்தது நமக்குப் பெருநஷ்டமே. அதை நம்பியிருந்த எத்தனையோ பிள்ளைகள் நடு வழியில் திகைத்தார்கள். ஆயினும் நான் மேலே சொன்ன ஜே.ஆர்.எஃப். தொகை சமயத்தைக் கேட்பதில்லை, மதிப்பெண்ணை மட்டுமே கேட்கிறது. அந்த வாசல் மூடவில்லை.

மற்றொரு சிறு விஷயம், ஆனால் பலரைக் கவிழ்த்தது. மாநில அரசு தரும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்தியப் பட்டியலில் இடம்பெற்ற பிரிவினராயின், அதற்கென உள்ள படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகத்தில் தனியாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் பழையதாக இருக்கக் கூடாது. அறிவிப்பு வந்த பிறகு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓடினால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

தங்கள் மகள் தவறவிட்டது விடுமுறைப் பயிற்சி. புனேயில் 1988இல் நிறுவப்பட்ட ஐயூகா என்னும் பல்கலைக்கழகங்களுக்கான வானியல் மையமும் அத்தகைய பயிற்சியை நடத்துகிறது. கோடையில் சில வாரங்கள் ஓர் ஆராய்ச்சியாளரின் கீழ் மாணவர் வேலை செய்வார். நன்றாகச் செய்தவரைப் படிப்பு முடியும் முன்னரே ஆராய்ச்சிக்குத் தேர்ந்து வைத்துக்கொள்வதும் உண்டு. இறுதியாண்டுக்கு முந்தைய ஆண்டில் இருப்பவர்களையே இத்தகைய பயிற்சிக்குப் பெரும்பாலும் எடுப்பார்கள். எனவே மூத்தவளுக்கு அது கடந்துவிட்டது. ஆராய்ச்சிச் சேர்க்கை கடக்கவில்லை.

அதே ஐயூகா கல்லூரி ஆசிரியர்களையும் இணைப்பாளர்களாகச் சேர்த்துக்கொண்டு, அவர்கள் புனேக்கு வந்து தங்கி ஆராய்ச்சி செய்யச் செலவளிக்கிறது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, திருச்சி ஜமால் முஹம்மது, சென்னை புதுக்கல்லூரி போன்ற நம் கல்லூரிகளின் இயற்பியல் துறையினர் இதைக் கவனிக்க வேண்டும். ஓர் ஆசிரியர் போய் வந்தால், அவரிடம் பயிலும் ஒவ்வோர் அணியினருக்கும் அடுத்த அறிவிப்பு தானாகவே வந்து சேரும். தங்கள் மகளின் கல்லூரியில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் எனக்கு இக்கடிதம் வந்திருக்காது.

"பெண்பிள்ளை இரவெல்லாம் மலையுச்சியில் இருப்பதா?" என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் காலம் மாறியிருக்கிறது. லடாக்கின் ஹன்லேயில், சுமார் 4500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இரண்டு மீட்டர் தொலைநோக்கியைப் பெங்களூருக்கு அருகே ஹொஸ்கோட்டேயில் அமர்ந்துகொண்டு, செயற்கைக்கோள் தொடர்பின் மூலம் இயக்குகிறார்கள். புனேக்கு வடக்கே நாராயண்காவ் அருகில், ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள முப்பது அலைவாங்கிகளைக் கொண்ட ரேடியோ தொலைநோக்கி பகலிலும் வேலை செய்யும். வானியலாரின் பொழுதில் பெரும்பகுதி கணினி முன்னால், வந்த தகவலைப் பகுத்தறிவதிலேயே கழிகிறது. இரவு விழிப்பு அறவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வேலையே அது ஒன்றுதான் என்பது பழைய எண்ணம்.

அத்துடன் செங்கோட்டையையும் நினைத்துப் பாருங்கள். அங்கே விவசாயக் குடும்பத்தில் பிறந்து, திருநெல்வேலி அரசினர் பொறியியற் கல்லூரியில் பயின்று, 1987இல் இஸ்ரோவில் சேர்ந்த சகோதரி நிகர் ஷாஜிதான் சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2ஆம் தேதி ஏவப்பட்ட ஆதித்யா எல்-1இன் திட்ட இயக்குநர். அவர் பொறியாளர், வானியலார் அல்லர். ஆனால் அவ்விண்கலத்தின் முக்கியக் கருவியான சூரிய ஒளிவட்டமானியை உருவாக்கியது காவலூர் கூடத்தை நடத்தும் அதே வானியற்பியல் நிறுவனம். வானியலுக்குள் நுழைய மின்னணுவியல், இயந்திரவியல், கணினி என்று பக்கத்து வாசல்களும் உண்டு. பொறியியற் பயிற்சியாளர், தொழில்நுட்ப உதவியாளர் பணிகளுக்கும் அந்நிறுவனங்கள் அவ்வப்போது விண்ணப்பம் கோருகின்றன. டிப்ளமோ படித்த தம்பிமார்களும் பார்க்கலாம்.

முனைவர் பட்டத்திற்குப் பின் வெளிநாட்டு வாய்ப்புகள் வேறோர் உலகம். அமெரிக்க வானியல் கழகத்தின் பணிவாய்ப்புப் பட்டியலை உலகெங்குமுள்ள வானியலார் பார்க்கிறார்கள். அக்டோபர் முதல் டிசம்பருக்குள் விண்ணப்பங்கள் குவிகின்றன. ஓரிடத்தில் வேலை தருகிறோம் என்று சொன்னவர்கள், பிப்ரவரி 15க்கு முன் பதில் சொல்லியே தீர வேண்டும் என்று இளைஞரை நெருக்கலாகாது என்ற நல்ல மரபையும் அத்துறையினர் வகுத்திருக்கிறார்கள். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பெண் கேட்டு வருவோருக்கு என்ன பதில் என்பது தங்கள் குடும்பத்து விஷயம். மகளின் விருப்பத்தை அறிந்து, தாங்களும் தங்கள் துணைவியாரும் முடிவு செய்ய வேண்டியது. ஆராய்ச்சியின் நடுவில் நிக்காஹ் செய்துகொண்டு பட்டத்தையும் முடித்த பெண்கள் உண்டு என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். வருகிறவர்களிடம் உதவித்தொகை எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள். பேச்சின் போக்கு சற்று மாறக்கூடும்!

இவ்வாரமே மகள் செய்ய வேண்டியது இது: ஜெஸ்ட், நெட் இரண்டின் கடைசித் தேதிகளையும் பார்த்து, வீட்டு நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட வேண்டும். தனக்குப் பாடம் நடத்திய இரு பேராசிரியர்களைச் சந்தித்து, கடிதம் எழுதித் தருவார்களா என்று கேட்க வேண்டும். தாங்கள் வட்டாட்சியர் அலுவலகத்திற்குப் போய் வாருங்கள். இளையவள் பி.எஸ்ஸி. முதலாண்டு என்று எழுதியிருந்தீர்கள். அவளுக்கான விடுமுறைப் பயிற்சிகளைப் பற்றி, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் எழுதுகிறேன்.