அச்சுக்குப் போகும் கோப்பு

காலண்டர், பை, விலைப்பட்டியல் என நமக்கு அச்சு வேலை ஓய்வதில்லை. சிவகாசி அச்சகங்களுக்கு இன்று பி.டி.எஃப். கோப்பாகவே அனுப்புகிறோம். அதைத் தயாரிக்கும் மென்பொருளை விலை குறைவு என்பதற்காக மட்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது எம் கருத்து.

தமிழ் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதிக்கிறதா? படங்களை நான்கு வண்ண முறைக்கு மாற்றுகிறதா? வெட்டுக்கு 3 மி.மீ. ஓரம் விட வழியுண்டா? இம்மூன்றையும் பார்க்க வேண்டும். எழுத்துரு பதியாவிட்டால், அச்சகக் கணினியில் நம் கடைப் பெயரே புரியாத குறிகளாகிவிடலாம்.

2001-இல் வெளியான பி.டி.எஃப்.-எக்ஸ் 1ஏ தரம் முதல் இரண்டையும் கட்டாயமாக்குகிறது. இலவசமான ஸ்கிரைபஸிலும் அத்தரத்தில் கோப்பு எடுக்கலாம். ஆகவே விலை மிகுந்தது எல்லாம் சிறந்தது என்றும் எண்ண வேண்டாம்.

அச்சேறிய சரக்கைத் திருப்ப முடியாது, நட்டம் நமதே. முதலில் அச்சகத்தாரைக் கலந்து, மாதிரிப் பக்கம் ஒன்றை அனுப்பிச் சரிபார்த்த பின்பே வாங்குவோம்.