டாக்டருக்கு ஏது வேதம்?

பிபிசியின் 'டாக்டர் ஹூ' ரசிகர்களில் ஒரு சாராருக்கு 2020-ல் வந்த கோபம் இன்னும் தணியவில்லை. 'தி டைம்லெஸ் சில்ட்ரன்' எபிசோடில், முதல் டாக்டருக்கு முன்பே பல டாக்டர்கள் இருந்ததாகக் காட்டிவிட்டார்களாம். கதையின் வரலாறே கெட்டுப் போயிற்றாம்!

எந்த வரலாறு? 1963-ல் தொடர் ஆரம்பித்தபோது டாக்டர் எந்தக் கிரகத்து ஆள் என்றே சொல்லவில்லை. 'டைம் லார்ட்' என்ற இனப்பெயர் வந்தது 1969-ல். பன்னிரண்டு முறைதான் உடல் மாற முடியும் என்கிற 'புனித விதி', 1976-ல் ஒரு கதையின் தேவைக்காகச் சேர்த்தது. அதே வருடம், அதற்குச் சில மாதங்கள் முன்பு, 'தி பிரெய்ன் ஆஃப் மார்பியஸ்' கதையில் முதல் டாக்டருக்கும் முந்தையவை என்ற எண்ணத்திலேயே எட்டு முகங்களைக் காட்டியாயிற்று. பன்னிரண்டு கணக்கையும் 2013-ல் தாண்டியாயிற்று. வானம் இடிந்து விழவில்லை.

இன்னும் பின்னால் போகலாம். 1966-ல் வில்லியம் ஹார்ட்னெலின் உடல்நிலை மோசமானது. டாக்டர் வேறு ஆளாக மாறுவார் என்று அதுவரை எந்தக் கதையும் சொன்னதில்லை. ஆனாலும் பேட்ரிக் ட்ரவுட்டனைக் கொண்டுவந்தார்கள். "முன்பு சொல்லாததை இப்போது சொல்லக்கூடாது" என்று அன்றைக்கு யாராவது அடம் பிடித்திருந்தால், தொடருக்கு அப்போதே சங்கு ஊதியிருப்பார்கள்.

'டைம்லெஸ் சில்ட்ரன்' சுமார்தான். டாக்டரை நிறுத்தி வைத்துக்கொண்டு வில்லன் பாடம் நடத்துகிறான். அதற்காகத் திட்டுங்கள், நியாயம். பழசை மாற்றியதற்காகத் திட்டுவதென்றால், முதலில் ட்ரவுட்டனைத் திட்டிவிட்டு வாருங்கள்.