ஆடிக் காற்றில் முதல் எழுத்து

 

ஜூன் மாதம் பிறந்தால் நம் கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு திறப்புகள் நடைபெறும். ஒன்று, பெரியாற்று அணையின் தண்ணீர். மற்றொன்று, பள்ளிக்கூடத்தின் கதவு. 1895 ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில், பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்திற்கு ஜூன் முதல் நாளன்று தண்ணீர் விடுவது வழக்கம். வாய்க்காலில் நீர் வந்த சில நாள்களில் நாற்றங்கால் பச்சை பிடிக்கிறது. அந்த நாள்களிலேயே மூன்று வயதும் நான்கு வயதும் ஆன நம் பிள்ளைகள் புதுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மழலையர் வகுப்பிற்குப் புறப்படுகிறார்கள்.

அந்த வகுப்பறைச் சுவரில் என்ன தொங்குகிறது என்று ஒரு நாள் உள்ளே சென்று பாருங்கள். பருவங்கள் என்று தலைப்பிட்ட படத்தாள் ஒன்று பெரும்பாலும் இருக்கும். ஒரு கட்டத்தில் கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றிய பனிமனிதன். இன்னொரு கட்டத்தில் செம்மஞ்சள் நிறத்தில் உதிரும் இலைகள். பனிமனிதன் உத்தமபாளையத்திற்கு ஒருபோதும் வந்ததில்லை. நம் பிள்ளை கண்ணால் காணும் பருவம் வேறு. ஆனியில் கேரள மலைமீது மேகம் கவிந்து கிடக்க, கூடலூரிலும் கம்பத்திலும் சாரல் தூறும். சின்னமனூரைத் தாண்டினால் வெறுங்காற்றுதான் வீசும். ஐப்பசியில் மழை வேறு திசையிலிருந்து வரும். பங்குனியில் இலவங்காய் வெடிக்கும். இவற்றுள் ஒன்றுகூட அந்தப் படத்தாளில் இல்லை.

படத்தாள் எப்படியேனும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் எழுத்தும் அதே வழியில்தான் வருகிறது என்பதே என் கவலை. "என் மகனுக்கு மூன்றரை வயது ஆகிறது, இன்னும் அ எழுத வரவில்லை. மந்தமாக இருக்கிறானோ?" என்று தாய்மார்கள் பலர் கேட்கிறார்கள். மந்தம் ஒன்றும் இல்லை, சகோதரிகளே! உங்கள் விரலால் காற்றில் ஒரு முறை அ எழுதிப் பாருங்கள். சுழி, வளைவு, குறுக்குக் கோடு, நெடுங்கோடு என்று எத்தனை திருப்பங்கள்! இ இன்னும் கடினம். அகர வரிசை என்பது வாயால் சொல்வதற்கும் அகராதி புரட்டுவதற்கும் ஏற்ற வரிசை. கையால் எழுதுவதற்கு ஏற்ற வரிசை அன்று. மணிக்கட்டு எலும்புகளே முழுமையாக உருப்பெறாத வயதில், தமிழின் கடினமான வடிவங்களை முதலில் கொடுத்துவிட்டுப் பிள்ளை அழுகிறதே என்று நாம் வருந்துகிறோம்.

வடிவம் பார்த்து எழுத்துக் கற்பிக்கும் முறை நம் வீடுகளுக்குப் புதிதன்று. மதரஸாவில் உங்கள் பிள்ளை ஓதும் அரபு எழுத்து வரிசையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அலிஃப் ஒரே ஒரு கோடு. அடுத்து வரும் பா, தா, ஸா மூன்றிற்கும் ஒரே படகு வடிவம். புள்ளிகள் மட்டுமே வேறு. ஜீம், ஹா, கா மூன்றும் ஓர் உடல். அரபு மொழியின் பழைய வரிசை அலிஃப், பா, ஜீம், தால் என்றுதான் இருந்தது. ஒத்த வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கற்பது எளிது என்பதால் வந்ததே இன்று நாம் ஓதும் வரிசை. அங்கே எளியது முதலில் வருகிறது. தமிழுக்கு மட்டும் நாம் அதை மறந்துவிடுகிறோம்.

தமிழில் எளியது எது? மேலிருந்து கீழே ஒரு கோடு, பின் வலப்பக்கம் ஒரு கோடு: ட ஆயிற்று. அதையே மேல்நோக்கி உயர்த்தினால் ப. உயர்த்திய கோட்டை உள்நோக்கி வளைத்து மடித்தால் ம. மூன்று எழுத்துகளும் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கின்றன. இந்த மூன்றையும் வைத்து என்ன சொல் எழுதலாம்? படம், மடம், பட்டம்.

பட்டம்! பள்ளி தொடங்கிய அடுத்த மாதம் ஆடி. ஆண்டிபட்டி, தேனி வட்டாரத்துக் காற்றாலைகளின் இறக்கைகள் ஓயாமல் சுழலும் மாதம். அறுவடை முடிந்த கொல்லையில் பெரிய பையன்கள் பட்டம் விடுவதைச் சின்னவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குக் கற்பிக்க வேண்டிய முதல் சொல்லைக் காற்றே கொண்டுவந்து கொடுக்கிறது. ஒரு பழைய செய்தித்தாள், இரண்டு ஈர்க்குச்சி, சோற்றுப் பசை, தையல் நூல் ஆகியவை போதும். பட்டத்தின் வயிற்றில் ப என்று பெரிதாக எழுதுங்கள். வாலில் ட, ம என்று துண்டுத் தாள்களை ஒட்டுங்கள். (மாஞ்சா நூல் வீட்டிற்குள்ளேயே வரக் கூடாது. அது கழுத்தை அறுக்கும்.) பட்டம் ஒரு முழ உயரம் எழும்பினாலும் போதும். அன்று மாலை அவனுக்கு அந்த மூன்று எழுத்துகளும் சொந்தமாகிவிடும்.

பென்சில் இப்போது வேண்டாம். ஒரு தாம்பாளத்தில் சலித்த மணலைப் பரப்பி, விரலால் எழுதச் சொல்லுங்கள். இது நம் திண்ணைப் பள்ளிகளின் முறை. 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டு வியந்து, தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். 1797 ஆம் ஆண்டு இலண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது. நாமோ இங்கே மணலைக் கொட்டிவிட்டுக் கோடு போட்ட நோட்டு வாங்கிக் கொடுக்கிறோம்!

உப்புத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டி, பிள்ளை அதை விரலால் தடவியபடி ஒலியைச் சொல்லச் செய்தவர் இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார். அவர் 1907 ஆம் ஆண்டு ரோம் நகரின் ஏழைப் பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939 இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் திரும்ப இயலாமல், சில ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கியிருந்தார். நம் பெரியகுளத்திற்கு நேர் மேலே இருக்கும் அதே கொடைக்கானல்தான். அந்த மலையில் சிறு பள்ளி ஒன்றை நடத்தியபோது, பிள்ளைகள் கண்ணெதிரே கண்ட செடிகொடிகளும் உயிரினங்களுமே பாடமாயின. 1946 இல்தான் அவர் ஐரோப்பா திரும்பினார். இன்று அவருடைய பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு, உள்ளே பிள்ளைகளை நான்கு மணி நேரம் நாற்காலியில் உட்கார வைத்து எழுதச் சொல்லும் பள்ளிகளும் உண்டு. பலகையைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள், தரையைப் பாருங்கள். தரையில் பிள்ளைகள் விளையாடும் பொருள்கள் இருந்தால் அது நல்ல பள்ளி.

இனிப் புளியங்கொட்டைக்கு வருவோம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று வகை எழுத்துகள் ஒரே வயதில் வந்து சேர்கின்றன: தமிழ், அரபு, ஆங்கிலம். இது சுமை என்று பலர் எண்ணுகிறார்கள். சரியாகக் கையாண்டால் ஒன்று மற்றொன்றிற்குத் துணையாகும். மணலில் ஒரு படகு வரையுங்கள். கீழே ஒரு கொட்டை வைத்தால் பா. மேலே இரண்டு வைத்தால் தா. மூன்று வைத்தால் ஸா. கொட்டையை எடுத்து எடுத்து வைத்துப் பிள்ளை தானே எழுத்தை மாற்றட்டும். மறுநாள் ட எழுதி அதன் தலையில் ஒரு கொட்டை வையுங்கள். ட என்ற ஒலி ட் என்று நின்றுவிடுகிறது. தமிழில் மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி செய்யும் வேலையைத்தான் அரபில் சுக்கூன் செய்கிறது. இரண்டுமே உயிரொலி இல்லை என்று காட்டும் அடையாளங்கள். ஓதத் தெரிந்த எந்தத் தாயும் இதை ஒரு நிமிடத்தில் விளக்கிவிடுவாள். "எனக்குத் தமிழ் இலக்கணம் தெரியாதே" என்று தயங்க வேண்டுவதில்லை.

இரண்டு குறிப்புகள். ஆயத்துகளை மணலில் எழுத வேண்டாம். தனி எழுத்துகளே போதும். மூன்று வயதிற்குக் குறைந்த தம்பி தங்கை வீட்டில் இருந்தால், கொட்டைக்குப் பதில் விழுங்க முடியாத பெரிய மூடிகளை வையுங்கள். மூக்கில் கொட்டையைத் திணித்துக்கொண்ட பிள்ளைகளை எந்த மருத்துவரும் அறிவார்.

அரபு வலமிருந்து இடம். தமிழ் இடமிருந்து வலம். இதனால் பிள்ளை சில எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதக்கூடும். ஒரே மொழி கற்கும் பிள்ளைகளும் ஆறு, ஏழு வயது வரை அப்படி எழுதுவதுண்டு, அதற்காக அடிக்காதீர்கள். எழுதத் தொடங்க வேண்டிய பக்கத்தில் ஒரு பூவை வையுங்கள். தமிழுக்கு இடப்பக்கம், அரபுக்கு வலப்பக்கம். பூ இருக்கும் இடத்தில் விரல் தொடங்கும்.

புரட்டாசி, ஐப்பசியில் பிள்ளை ப, ட, ம ஆகியவற்றோடு க, ச, த போன்றவற்றையும் அறிந்திருப்பான். அப்போது வருவது மழை. மழை என்ற சொல்லில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பேச்சில் நாம் மளை என்கிறோம். பழத்தைப் பளம் என்கிறோம். அரபு எழுத்தின் மக்ரஜ் சற்றுப் பிசகினாலும் உஸ்தாதிடம் திருத்தம் கேட்கும் நாம், ழகரம் நாவில் தேய்ந்து போவதைக் கவனிப்பதே இல்லை. ல சொல்லும்போது நாக்கு நுனி மேற்பல்லின் பின்புறத்தைத் தொடும். ள சொல்லும்போது மடிந்து மேலண்ணத்தைத் தொடும். ழ சொல்லும்போது மடியும், ஆனால் தொடாது. இதைக் கண்ணாடி முன் விளையாட்டாகச் செய்யச் சொல்லுங்கள். பின்பு வாழை மரத்தடிக்கு அழைத்துச் சென்று, மழையில் நனைந்த வாழை இலையில் விரலால் ழ எழுதச் சொல்லுங்கள். சின்னமனூர்ப் பக்கம் வாழைக்கா பஞ்சம்?

இவையெல்லாம் வகுப்பறையிலும் நடக்க வேண்டியவை. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் தொடங்கியது. 1982 இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுத் திட்டம் சிற்றூர்களின் இளம்பிள்ளைகளுக்கும் உணவளித்தது. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டன. தமிழக அங்கன்வாடிகளுக்கென்று 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பெயரில், தலைப்பு வாரியாக அமைந்த பாடத்திட்டமே இருக்கிறது. ஆயினும் வசதி சற்று வந்துவிட்டால், "அங்கன்வாடியா? அங்கே சோறுதானே போடுவார்கள்" என்று நாம் முகம் சுளிக்கிறோம். அங்கே பாடம் உண்டு. பாடுகிறார்கள், மணலில் வரைகிறார்கள், விதை எண்ணுகிறார்கள். எழுதவில்லை என்பதுதான் நம் குறை. அந்த வயதிற்கு அதுவே நிறை.

1956 இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியை எழுப்பியவர்கள் நம் முன்னோர். கல்லூரிக்கு நிலமும் பொருளும் தேடிய சமுதாயம், மூன்று வயதுப் பிள்ளையின் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது வேன் வாசலுக்கு வருமா என்று மட்டும் கேட்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

மற்ற மாதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பன்னீர்த் திராட்சை ஏதேனும் ஒரு தோட்டத்தில் எப்போதும் பழுத்துக்கொண்டிருக்கும். திராட்சை என்ற சொல் இந்த வயதிற்குக் கடினம். ஆகவே எழுத வைக்காதீர்கள், எண்ண வையுங்கள். தின்னக் கொடுக்கும்போது நன்றாகக் கழுவி, நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள். முழுப் பழம் சிறு பிள்ளையின் தொண்டையை அடைத்துவிடும். ஏ எழுதுவதற்குப் போடி ஏலக்காய் இருக்கிறது. முகர்ந்துவிட்டு எழுதினால் மறக்காது.

ரமலானை எந்தப் பருவப் படத்திலும் ஒட்ட முடியாது. ஆண்டுதோறும் ஏறக்குறைய பதினொரு நாள் முன்னே வந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடும். அதற்குத் தனியே ஒரு நோட்டு வையுங்கள். ஷஅபான் பிறை தொடங்கி, அத்தாவுடன் மாடியில் நின்று கண்ட நிலவின் வடிவத்தைப் பிள்ளை தினமும் வரையட்டும். மேகம் மறைத்த நாளில் மேகத்தை வரையட்டும். வளைகோடுகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

வளைகோடு கைக்கு வந்தபின், தை மாத அளவில் அ வரட்டும். பங்குனி, சித்திரையில் போடி மலையடிவாரத்து இலவங்காய்கள் வெடிக்கும்போது இ கற்பிக்கலாம். அட்டையில் நீங்கள் இ வரைந்து கொடுங்கள். கோட்டின்மேல் பசை தடவிப் பிள்ளை பஞ்சை ஒட்டட்டும். இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கு அந்தப் பஞ்சுத் தூசி ஆகாது. அவர்களுக்குக் கருநிற இலவ விதைகளை எடுத்து வையுங்கள், அவற்றையே வரிசையாக ஒட்டிக்கொள்வார்கள்.